சீட்டில்லாப் பயணி

வண்டியில் சீட்டின்றி ஏறுவோரை நாம் நாள்தோறும் காண்கிறோம். கடலைக் கடந்து, ஏறத்தாழ 4,000 மீட்டர் உயர மலைமேல் ஏறி, 400 ஆண்டுகளுக்கு மேலாக அங்கே குடியிருக்கும் சீட்டில்லாப் பயணி ஒன்றும் உண்டு. அதுவே கல்லீரல் தட்டைப்புழு. அதன் வரலாற்றை அன்பர்களுக்குச் சுருக்கமாக எடுத்துரைக்க விழைகிறோம்.

இலை வடிவமான இப்புழு ஆடுமாடுகளின் பித்த நாளங்களில் வாழ்வது. இதன் முட்டைகள் சாணத்தோடு வெளியேறி நீரில் பொரிகின்றன. பொரிந்த குஞ்சு நன்னீர் நத்தையின் உடலுட் புகுந்து, அங்கே ஒன்று பலவாகப் பெருகுகிறது. பின்னர் வெளிவந்து, நீரோரப் புல்லிலும் கீரையிலும் கூடமைத்து ஒட்டிக்கொள்கிறது. அதை மேய்ந்த மாட்டின் குடலைத் துளைத்துக்கொண்டு ஈரலைச் சேர்கிறது. இவ்வழியை ஜெர்மனியில் லாய்க்கார்ட் என்பாரும் இங்கிலாந்தில் தாமஸ் என்பாரும் 1880-களின் தொடக்கத்தில் தனித்தனியே கண்டறிந்தனர்.

இக்குடும்பத்துப் புழுக்களின் மரபணுக்களை ஒப்பிட்ட அறிஞர்கள், ஆப்பிரிக்க யானையின் குடலில் வாழும் புழுவே இவற்றுள் மிகப் பழைய கிளை என்பர். முன்னோர் குடலில் வாழ்ந்தனர். ஈரலுக்குக் குடிபெயர்ந்தது பிற்காலத்திலேதான்.

மலையேறிய கதைக்கு வருவோம். தென் அமெரிக்காவின் பொலிவியா நாட்டு உயர் பீடபூமியில் 16-ஆம் நூற்றாண்டுக்கு முன் ஆடுமாடுகள் இல்லை. லாமா முதலிய விலங்குகளே இருந்தன. ஸ்பானியர் தம் ஆடுமாடுகளைக் கொண்டுவந்தபோது புழுவும் உடன் வந்தது. நத்தையின்றிப் புழு பெருகாதே எனக் கேட்கலாம். நத்தையும் ஐரோப்பாவிலிருந்தே வந்தது! அங்குள்ள நத்தையின் மரபணு ஐரோப்பிய நத்தையினுடையதோடு ஒத்திருப்பதே சான்று.

அப்பீடபூமியின் புழுக்களை ஆராய்ந்தபோது, அவற்றிடையே மரபணு வேற்றுமை மிகச் சிறிதே எனத் தெரிந்தது. ஒரே குடும்பம் குடியேறிப் பெருகிய ஊரில் எல்லோரும் ஒரே சாயலாய் இருப்பதில்லையா? அவ்வாறே, வந்திறங்கியவை சிலவே என்பதை இவ்வொற்றுமை காட்டுகிறது. சிலவே போதியதற்கும் காரணமுண்டு. ஒவ்வொரு புழுவும் ஆணும் பெண்ணுமாய் இருப்பது; துணையின்றித் தானே கருவுறவும் வல்லது.

விளைவோ கொடிது. அங்குச் சில ஊர்களில் சிறுவருள் பாதிக்கு மேற்பட்டோரிடம் இந்நோய் காணப்பட்டது. 2008-இல் அங்கே ஊர்முழுவதற்கும் மருந்தளிக்கும் பணி தொடங்கிற்று. உலகெங்கும் 24 இலட்சம் பேரேனும் இந்நோயுற்றிருப்பர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

இது தொலைநாட்டுச் செய்தியென அன்பர்கள் ஒதுக்கிவிட வேண்டா. ஈரலுக்குச் செல்லாது குடலிலேயே தங்கிவிட்ட உறவுப் புழு ஒன்று உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் காணப்பட்டுள்ளது. குளத்தில் விளையும் சிங்காடாக் காயின் தோலில் அதன் கூடு ஒட்டியிருக்கும். பச்சைக் காயைப் பல்லால் கடித்து உரிக்கும் பிள்ளைகளின் வாய்க்குள் அது எளிதிற் புகும். வடநாட்டில் வாழும் நம் இல்லத்தரசியர் அக்காயை நன்கு வேகவைத்தே பிள்ளைகளுக்குத் தருக. நீர்க்கீரைகளையும் பச்சையாக உண்ணாதிருத்தல் நலம்.

மாந்தர் குடிபெயருங்கால் ஆடுமாடுகளும் உடன் வருகின்றன. அவற்றின் ஈரலில் வருவதை எவரும் சோதிப்பதில்லை. வண்டியில் தப்பிய பயணியை அடுத்த நிலையத்தில் இறக்கிவிடலாம். இப்பயணியை அடுப்படியிலேதான் தடுக்க இயலும்.