கொள்கலனில் வரும் நஞ்சு: வியாபாரியின் பெயருக்கு என்ன விலை?

கல்லடி, நாவற்குடா, காத்தான்குடி என்று நமது பிரதான வீதியில் எந்தப் பலசரக்குக் கடைக்குள் நுழைந்தாலும் பல நாடுகளின் சாமான்களைக் காணலாம். பருப்பு கனடாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் வருகிறது. உள்ளி சீனாவிலிருந்து வருகிறது. சீனி பிரேஸிலிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வருகிறது. இதைத்தான் படித்தவர்கள் உலகமயமாக்கல் என்கிறார்கள். நம்மைப் போன்ற சிறு வியாபாரிகளுக்கு இதனால் கிடைத்த நன்மைகள் ஏராளம். அதை மறுப்பதற்கில்லை.

ஆனால் ஒரு விடயத்தை நாம் போதியளவு சிந்திப்பதில்லை. பருப்பும் சீனியும் வரும் அதே பாதையில்தான் ஹெரோயினும் ஐஸும் கொக்கெய்னும் வருகின்றன. கப்பல், கொள்கலன், ஆவணம், வங்கி, கைத்தொலைபேசி என்று அவர்களுக்கும் எல்லாம் ஒன்றுதான். கடத்தல்காரன் தனக்கென்று புதுப் பாதை போடவில்லை. வியாபாரிகள் நடந்து தேய்த்த பாதையில் நம் நிழலுக்குள் ஒதுங்கி அவனும் நடக்கிறான். ஆகவே இது பொலிஸாரின் பிரச்சினை மாத்திரமல்ல, வியாபாரிகளின் பிரச்சினையும்கூட.

25 மடங்கு இலாபம்

முதலில் கணக்கைப் பார்ப்போம். உலகப் போதைப்பொருள் வியாபாரத்தின் 2003 ஆம் ஆண்டுப் பெறுமதியை ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகம் மதிப்பிட்டு 2005இல் வெளியிட்டது. உற்பத்தியாளர் மட்டத்தில் 1,300 கோடி டொலர். மொத்த வியாபார மட்டத்தில் 9,400 கோடி டொலர். சில்லறை மட்டத்தில் 32,200 கோடி டொலர். அதாவது தோட்டத்திலிருந்து தெருவுக்கு வருவதற்குள் விலை ஏறக்குறைய 25 மடங்காகிறது. ஒரு மூடை மாவில் சில பத்து ரூபா இலாபத்துக்காக நாள் முழுவதும் நிற்கும் நமக்கு இந்தக் கணக்கு தலையைச் சுற்ற வைக்கும்.

இந்த விலையேற்றம் எங்கிருந்து வருகிறது? பொருளைச் செய்வதற்குச் செலவு அதிகமில்லை. எல்லையைத் தாண்டுவதற்குத்தான் விலை. அப்படியானால் எல்லையைத் தாண்டுவது எவ்வளவுக்கு இலகுவாகிறதோ அவ்வளவுக்கு அவர்களின் இலாபம் கூடும். உலகமயமாக்கல் அவர்களுக்குச் செய்து கொடுத்த உதவி அதுதான்.

இது இன்று நேற்று தொடங்கியதுமல்ல. இந்தியாவில் விளைந்த அபினைச் சீனாவில் விற்பதற்காகப் பிரித்தானியா 1839இல் யுத்தமே தொடுத்தது. ஜேர்மனியின் பேயர் கம்பனி 1898இல் ஹெரோயினை இருமல் மருந்தாகச் சந்தைக்குக் கொண்டு வந்தது. நமது நாடு 1977இல் திறந்த பொருளாதாரத்துக்கு மாறியது. 80களின் தொடக்கத்தில் ஹெரோயின் இங்கே தலைகாட்டியது. 1984இல் 2 கிராமுக்கு மேல் ஹெரோயின் வைத்திருந்தால் மரண தண்டனை வரை செல்லக்கூடியவாறு சட்டம் திருத்தப்பட்டது. சட்டம் கடுமையானது. வியாபாரம் நிற்கவில்லை.

கிரீஸ் டின்னும் சீனி மூடையும்

1956இல் அமெரிக்காவில் மல்கம் மெக்லீன் என்ற லொறி முதலாளி 58 கொள்கலன்களை ஒரு கப்பலில் ஏற்றி அனுப்பினார். அதுவரை ஒரு தொன் சரக்கை ஏற்றுவதற்கு 5 டொலர் 86 சதம் செலவானது. கொள்கலனில் அது 16 சதமாகக் குறைந்தது. உலக வர்த்தகம் இந்தளவு பெருகியதற்கு இந்த இரும்புப் பெட்டியும் ஒரு முக்கிய காரணம். ஆனால் மூடப்பட்ட பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதை ஆவணம்தான் சொல்கிறது. உலகில் நகரும் கொள்கலன்களில் 2 வீதத்துக்கும் குறைவானவையே திறந்து சோதிக்கப்படுகின்றன என்று ஐ.நா. அலுவலகம் கூறியிருக்கிறது. கொழும்புத் துறைமுகம் 2024இல் மாத்திரம் 20 அடிக் கணக்கில் சுமார் 78 இலட்சம் கொள்கலன்களைக் கையாண்டது. அவற்றில் பெரும்பகுதி வேறு நாடுகளுக்குக் கப்பல் மாறிச் செல்பவை. எல்லாவற்றையும் திறந்து பார்க்க முற்பட்டால் வர்த்தகம் ஸ்தம்பித்துவிடும். கடத்தல்காரனுக்கு இது நன்றாகத் தெரியும்.

நமது நாட்டில் நடந்தவற்றை நினைவுபடுத்திக் கொள்வோம். 2013 ஆகஸ்டில் பாகிஸ்தானிலிருந்து வந்த கொள்கலனில் கிரீஸ் டின்களுக்குள் சுமார் 260 கிலோ ஹெரோயின் அகப்பட்டது. 2016 ஜூனில் பிரேஸிலிலிருந்து வந்த சீனிக் கொள்கலனில் கொக்கெய்ன் பிடிபட்டது. அதே ஆண்டு டிசம்பரில், ஈக்வடோரிலிருந்து மரம் ஏற்றிக்கொண்டு இந்தியாவுக்குச் செல்லவிருந்த கொள்கலனில் 928 கிலோ கொக்கெய்ன் கொழும்பில் கைப்பற்றப்பட்டு, 2018 ஜனவரியில் பகிரங்கமாக அழிக்கப்பட்டது. 2017 ஜூலையில் இரத்மலானை சதொச களஞ்சியத்துக்கு வந்த சீனிக் கொள்கலனில் 218 கிலோ கொக்கெய்ன் இருந்தது. அதைக் கண்டு தகவல் கொடுத்தவர்கள் அங்கு வேலை செய்த ஊழியர்கள். இதை நாம் மறக்கக்கூடாது.

2021 செப்டம்பரில் குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்தில் பிடிபட்டது இதையெல்லாம் விஞ்சியது. ஆப்கானிஸ்தானிலிருந்து ஈரான் வழியாக வந்த டல்கம் கற்பொடிக் கொள்கலன்களில் ஏறக்குறைய 3,000 கிலோ ஹெரோயின்! ஆவணத்தில் இறக்குமதியாளராக இருந்தது ஆந்திராவில் பதிவான ஒரு சிறிய வணிக நிறுவனம்.

கிரீஸ், மரம், சீனி, கற்பொடி. எவரும் இரண்டாவது தடவை திரும்பிப் பார்க்காத சாமான்கள். பெரும்பாலும் வழமையான வியாபார ஆவணங்கள். இந்தச் சம்பவங்களில் எந்த வியாபாரி அறிந்திருந்தார், எவர் அறியாதிருந்தார் என்பதை நீதிமன்றங்கள் பார்த்துக்கொள்ளட்டும். நமக்குள்ள பாடம் வேறு. கடத்தல்காரனுக்கு மிகவும் தேவைப்படுவது துப்பாக்கியல்ல. கறைபடாத ஒரு வியாபாரப் பெயர்.

கடல்வழியிலும் இதே கதைதான். ஈரான், பாகிஸ்தான் நாடுகளின் மக்ரான் கரையிலிருந்து புறப்படும் படகுகள் ஆழ்கடலில் வைத்து நமது பலநாள் மீன்பிடிப் படகுகளுக்குச் சரக்கை மாற்றுகின்றன. 2021 மார்ச்சில் இந்தியக் கரையோரக் காவல்படை மடக்கிய இலங்கைப் படகொன்றில் 300 கிலோ ஹெரோயினும் 5 ஏ.கே. 47 துப்பாக்கிகளும் இருந்தன. மீனவரின் பிழைப்புக்காக வந்த ஜி.பி.எஸ். கருவியும் செய்மதித் தொலைபேசியும் கடத்தலுக்கும் கைகொடுக்கின்றன.

உற்பத்தியிலும் சந்தையின் குணம் தெரிகிறது. 2022 ஏப்ரலில் தாலிபான்கள் கசகசாச் செடிப் பயிர்ச்செய்கையைத் தடை செய்தார்கள். 2023இல் ஆப்கானில் அது 95 வீதம் வீழ்ச்சியடைந்தது. உடனே மியன்மார் முதலிடத்துக்கு வந்தது. இன்னொரு பக்கம் இரசாயனத்தால் செய்யப்படும் ஐஸ் பரவியது. நமது சட்டத்திலும் 2022இல் ஐஸுக்கு மரண தண்டனை வரையான தண்டனை சேர்க்கப்பட்டது. ஒரு கடை மூடினால் பக்கத்துக் கடை திறக்கும் என்பது இந்தத் தொழிலிலும் உண்மைதான்.

உண்டியல் என்னும் கசப்பான விடயம்

இனிச் சொல்லப்போவது சிலருக்குப் பிடிக்காது. இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

போதைப்பொருளை இங்கு விற்றால் கையில் சேர்வது ரூபா நோட்டு. சரக்குக் கொடுத்தவனுக்கு வெளிநாட்டில் டொலரோ திர்ஹமோ கொடுக்க வேண்டும். இந்த நோட்டை வங்கிக்குக் கொண்டு போக முடியாது. 10 இலட்சம் ரூபாவும் அதற்கு மேலும் காசாக வைப்பிலிட்டால் வங்கி அதை மத்திய வங்கியின் நிதி உளவறிதல் பிரிவுக்கு அறிவிக்கக் கட்டுப்பட்டது. 2006ஆம் ஆண்டுச் சட்டங்கள் அதற்காகவே வந்தன.

மறுபுறம், டுபாயிலோ கட்டாரிலோ உழைக்கும் நமது பிள்ளை வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டும். அவன் திர்ஹமை அங்கே உண்டியல்காரனிடம் கொடுக்கிறான். இங்கே அவனது தாயின் கையில் ரூபா வந்து சேருகிறது. அந்த ரூபா எங்கிருந்து வந்தது? உண்டியல்காரன் கொழும்பில் எவரிடம் நோட்டு நிறைய இருக்கிறதோ அவரிடம் வாங்குகிறான். அது ஒரு இறக்குமதி வியாபாரியின் பணமாக இருக்கலாம். ஐஸ் விற்ற பணமாகவும் இருக்கலாம். பிள்ளை வியர்வை சிந்தி உழைத்த ஹலாலான திர்ஹம் வெளிநாட்டில் கடத்தல்காரனின் கடனை அடைக்கிறது. ஹராமான நோட்டு நம் வீட்டு அலுமாரிக்குள் வருகிறது. இருவரும் அறியமாட்டார்கள்.

உண்டியலில் வருவதெல்லாம் போதைப் பணம் என்று நான் சொல்ல வரவில்லை. 2021, 2022ஆம் ஆண்டுகளில் வங்கி விலைக்கும் வெளிச்சந்தை விலைக்கும் இருந்த இடைவெளியால் சாதாரண மக்களும் அந்தப் பக்கம் போனார்கள். 2020இல் 710 கோடி டொலராக இருந்த வெளிநாட்டு உழைப்பாளர் பணம் 2022இல் சுமார் 380 கோடியாகச் சுருங்கியது. நாடு எரிபொருளுக்கு வரிசையில் நின்றது. ஆனால் அந்த இடைவெளி சுருங்கிய பின்னரும் பழக்கம் விடவில்லை. விலையைக் குறைத்துக் காட்டி இன்வொய்ஸ் போட்டு, மிகுதியை உண்டியலில் கட்டும் வியாபாரிகளும் இதே குளத்தில்தான் தண்ணீர் அள்ளுகிறார்கள். சுங்க வரியில் மிச்சம் பிடித்த அந்தக் காசுக்குப் பக்கத்தில் யாருடைய காசு இருக்கிறது என்று யோசிக்க வேண்டாமா?

நமது கடைத்தெருவில்

இன்னொரு பாதிப்பை நேர்மையான வியாபாரி நேரடியாகவே சுமக்கிறார். கறுப்பை வெள்ளையாக்க விரும்புகிறவனுக்கு ஒரு கடை தேவை. அவன் இலாபத்துக்காகக் கடை நடத்துவதில்லை. வாங்கிய விலைக்கும் குறைவாக விற்பான். கடை முற்பணத்தையும் வாடகையையும் கேட்டதற்கு மேல் கொடுப்பான். வங்கிக் கடன் எடுத்து, வட்டியும் வாடகையும் கட்டி, தவணைக்குச் சாமான் எடுத்து விற்பவர் அவனோடு எப்படிப் போட்டி போடுவது? ஓரிரு வருடத்தில் நல்லவர் கடையை மூடுவார். மற்றவன் வேலை முடிந்ததும் போய்விடுவான். கடைத்தெரு இருவரையும் இழக்கும்.

சில்லறை விற்பனையும் மாறிவிட்டது. வாங்குபவன் விற்பவனின் முகத்தைக் காண்பதில்லை. ஒரு தொலைபேசி இலக்கத்துக்குப் பணம் போடுகிறான். சரக்கு வைக்கப்பட்ட இடத்தின் படம் அவனது தொலைபேசிக்கு வருகிறது. அந்தப் பணம் போடப்படுவது பல நேரம் ஒரு சாதாரண தொலைத்தொடர்பு நிலையத்தில். வேலையில்லாத இளைஞர்களின் வங்கிக் கணக்கும் ஏ.டி.எம். அட்டையும் மாத வாடகைக்கு எடுக்கப்படுகின்றன. பொலிஸார் கணக்கைப் பிடிக்கும்போது அகப்படுவது நம்மூர்ப் பிள்ளை. முதலாளி வெளிநாட்டில் இருப்பான்.

நாம் செய்யக்கூடியவை

பெரிய நாடுகளே திணறும் விடயத்தில் நாம் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். நமது அளவில் ஐந்து காரியங்கள் செய்யலாம்.

1. வியாபாரப் பதிவையோ இறக்குமதிப் பெயரையோ எவருக்கும் இரவல் கொடுக்காதீர்கள். "உங்கள் பெயரில் ஒரு கொள்கலன் மட்டும், செலவெல்லாம் நம்முடையது, உங்களுக்குக் கமிஷன்" என்று ஒருவர் வந்தால், அவர் மச்சானாக இருந்தாலும் மறுத்துவிடுங்கள்.

2. புதிய அனுப்புனரிடம் வாங்கும்போது விலையை மாத்திரம் பார்க்காதீர்கள். சந்தை விலையைவிட வெகு குறைவாகத் தருபவர், தேவையில்லாமல் பல துறைமுகம் சுற்றி அனுப்புபவர், வாங்குபவரின் பெயரைக் கடைசி நேரத்தில் மாற்றச் சொல்பவர் ஆகியோரிடம் கவனமாக இருங்கள். கொள்கலனைத் திறக்குமுன் முத்திரை இலக்கத்தை ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

3. கடை ஊழியரோ பிள்ளையோ தனது வங்கி அட்டையைப் பிறரிடம் கொடுத்திருக்கிறாரா என்று விசாரியுங்கள். அதன் ஆபத்தை எடுத்துச் சொல்லுங்கள்.

4. தொலைத்தொடர்பு நிலையம் நடத்துபவர்கள், வெவ்வேறு இளைஞர்கள் ஒரே இலக்கத்துக்கு அடிக்கடி பணம் போட்டால் அதைக் கவனத்திற் கொள்ளுங்கள். சிறு கமிஷனுக்காகக் கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள்.

5. கடையில் வேலை செய்யும் பையன் மாறிப்போனால், கல்லாவில் காசு குறைந்தால், அடித்து விரட்டுவதோடு முடித்துவிடாதீர்கள். அவன் அடுத்த கடைக்குப் போவான், அல்லது விற்பவனிடமே வேலைக்குச் சேருவான். தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை 1927 என்ற இலக்கத்தில் ஆலோசனை வழங்குகிறது. குடும்பத்தாரை அழைத்துப் பேசி அந்த வழியைக் காட்டுங்கள்.

இவற்றை ஒருவர் தனியே செய்வது கஷ்டம். பதிவை இரவல் கொடுப்பதில்லை, மூலம் தெரியாத பணத்துக்குக் கடை கொடுப்பதில்லை என்று வர்த்தக சங்கங்கள் கூட்டாகத் தீர்மானித்தால், மறுப்பவர் மீது பழி வராது. "சங்கத்தின் முடிவு, என்னால் முடியாது" என்று சொல்லிவிடலாம். காத்தான்குடியிலும் மட்டக்களப்பிலும் தமிழ், முஸ்லிம் வியாபாரிகள் சேர்ந்தே இதைச் செய்ய வேண்டும். ஏனெனில் இந்தச் சரக்கு வாங்குபவனின் இனத்தைக் கேட்டு விற்கப்படுவதில்லை.

நமது வாப்பாமார் கடதாசித் துண்டுகூட இல்லாமல் புறக்கோட்டையில் இலட்சக் கணக்கில் கடனுக்குச் சாமான் எடுத்தார்கள். பெயர் ஒன்றே அவர்களுக்குப் பிணையாக இருந்தது. இன்று அந்தப் பெயரைத்தான் கடத்தல்காரன் விலை பேசி வருகிறான். அடுத்த சங்கக் கூட்டத்தில் இதை ஒரு விடயமாகப் பேசுங்கள்.