கடைக் கணக்கு மாடி ஏறத் தாமதம் ஏன்?

கீழே கடையும் மேலே வீடுமாக இருக்கும் வியாபாரிகள் பலர், இரவில் பில்லிங் கம்ப்யூட்டரின் கணக்கை வைஃபை வழியாக மாடி லேப்டாப்பில் நகல் எடுத்து வைக்கிறோம். நல்ல பழக்கம்தான். ஆனால் நகல் அரை மணி நேரம் இழுத்தால், "நாளை பார்க்கலாம்" என்று விட்டுவிடுகிறோம். அந்த நேரம் பார்த்து ஹார்டு டிஸ்க் பழுதானால், யாரிடம் எவ்வளவு பாக்கி என்பதற்கே ஆதாரம் இல்லாமல் போகும்.

வேகம் இல்லை என்றதும் அதிகக் கட்டணப் பிளானுக்கு மாறுவது வீண் செலவு. கடையிலிருந்து மாடிக்குப் போகும் கணக்கு இன்டர்நெட்டுக்கே போவதில்லை. ரூட்டர் வரை போய்த் திரும்புகிறது. கோளாறு நம் கட்டடத்துக்குள்தான்.

அளவையும் கவனிக்க வேண்டும். ரூட்டர் பெட்டியில் 300 என்று அச்சிட்டிருப்பது மெகாபிட். கம்ப்யூட்டர் காட்டுவது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆக 300 என்பது 37.5தான். அதிலும் பாதி கிடைப்பதே அபூர்வம். இரண்டு கம்ப்யூட்டரும் வைஃபையில் இருந்தால் அதுவும் பாதியாகும். லாரியில் இறக்குவதும் கிடங்கில் அடுக்குவதும் ஒரே சுமையாள் என்றால் என்ன ஆகும்? ரூட்டரின் நிலை அதுதான்.

ஆகவே முதல் சோதனை: கடைக் கம்ப்யூட்டரை மட்டும் கேபிளால் ரூட்டருடன் இணைத்துப் பாருங்கள். வேகம் கூடினால் காரணம் தெரிந்துவிட்டது. இரண்டையுமே கேபிளில் இணைக்க முடிந்தால் இன்னும் நல்லது. விநாடிக்கு 5 மெகாபைட் வீதம் 4,000 மெகாபைட் போக 13 நிமிடத்துக்கு மேல் ஆகும். 100 மெகாபிட் கேபிளிலேயே ஏறக்குறைய 6 நிமிடத்தில் முடியும்.

கேபிள் இழுக்க வழியில்லை என்றால் ரூட்டர் இருக்கும் இடத்தைப் பாருங்கள். நம் கடைகளில் அது பெரும்பாலும் எண்ணெய் டின் அடுக்குக்குப் பின்னாலோ, ஃப்ரீசருக்கு மேலோ, இரும்பு ரேக்கின் மூலையிலோ கிடக்கும். அலை தகரத்தைத் தாண்டாது. உயரமான, திறந்த இடத்தில் வையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தூரம் போகும். ஆனால் அக்கம்பக்கத்துக் கடைகளின் வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் அதில்தான் மோதுகின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது. ஆனால் கான்கிரீட் தளத்தைத் தாண்டுவதற்குள் களைத்துவிடும். இரண்டையும் போட்டுப் பார்த்து, நம் கட்டடத்துக்கு எது ஒத்துவருகிறதோ அதை வைத்துக்கொள்ளலாம். 2.4-ல்தான் இருக்க வேண்டுமென்றால் ரூட்டரின் சேனலை 1, 6, 11 ஆகியவற்றில் நெரிசல் குறைந்த ஒன்றுக்கு மாற்றச் சொல்லுங்கள்.

ஆயிரக்கணக்கான சிறு பைல்களாக அனுப்புவதும் தாமதமே. பொட்டலம் பொட்டலமாக எடை போடுவதைவிட மூட்டையாக ஏற்றுவது சுலபம். ஜிப் செய்து ஒரே பைலாக அனுப்புங்கள். அதற்குமுன் கணக்கு மென்பொருளை மூடிவிட வேண்டும். நகல் முடிந்ததும் மாடியில் அதைத் திறந்து, அன்றைய கடைசி பில் எண் வந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.