கிளிக்கு வைத்த பெயர்

அசோக வனத்தில் மரத்திலிருந்து இறங்கி வந்த ஒருவன், ‘நான் ராமனின் தூதன்’ என்கிறான். சீதை அதை ஏன் நம்ப வேண்டும்? துறவி வேடத்தில் வந்தவன்தான் அவளைத் தூக்கிக்கொண்டு போனான். அதற்குச் சற்று முன்பு காட்டுக்குள்ளிருந்து ராமன் குரலில் அலறியவன் மாரீசன். அங்கே முகத்தையும் நம்ப முடியாது, குரலையும் நம்ப முடியாது. இன்றைக்கு டீப்ஃபேக் என்கிறோமே, அதில் கைதேர்ந்தவர்கள் ஆண்ட நகரம் இலங்கை.

கம்பனில் அனுமன் முதலில் ராமனின் அங்க அடையாளங்களைச் சொல்கிறான். ராமன் தனியே சொல்லியனுப்பிய சில பழைய நிகழ்ச்சிகளைச் சொல்கிறான். பிறகு மோதிரத்தைக் கொடுக்கிறான். அந்த நிகழ்ச்சிகளில் ஒன்று, அயோத்தியை விட்டுக் கிளம்பிய நாளில் நடந்தது. நகரத்தின் மதில் வாசலைக்கூடத் தாண்டவில்லை, அதற்குள் ‘காடு எங்கே?’ என்று சீதை கேட்டுவிட்டாள்.

உடலில் இருப்பது, கையில் இருப்பது, மனதில் இருப்பது. ஒருவர் யாரென்று நிறுவுவதற்கான வழிகளைக் கணினிப் பாதுகாப்புத் துறையினர் இன்றும் இப்படித்தான் மூன்றாகப் பிரிக்கிறார்கள். கைரேகை முதல் வகை, ஏ.டி.எம். அட்டை இரண்டாவது, அதன் பின் நம்பர் மூன்றாவது. கதை சொல்பவர்களுக்கு மூன்றாவதன்மீது தனிப் பிரியம். மோதிரம் தொலைந்துபோகும் என்பது அவர்களுக்குத் தெரியும். காளிதாசனின் சகுந்தலை அதை நீரில் நழுவவிட்டு, துஷ்யந்தனின் அவையில் வெறும் விரலோடு நிற்கிறாள். உடனே அவளும் நினைவுக்குத்தான் தாவுகிறாள். அவன் கொடுத்த தண்ணீரைக் குடிக்க மறுத்த மான்குட்டி, அவள் கையிலிருந்து குடித்ததே, ஞாபகமில்லையா? இல்லை. துர்வாசரின் சாபம் அவன் நினைவை அழித்துவிட்டது. கடவுச்சொல் சரிதான், சரிபார்க்கும் சர்வரில்தான் பதிவு இல்லை.

அனுமன் திரும்பும் கட்டம் எனக்கு இன்னும் சுவாரசியமானது. சீதை சூடாமணியைக் கொடுக்கிறாள். கூடவே, வந்த செய்திகளைத் திருப்பிச் சொல்லாமல் புதிதாக இரண்டைச் சொல்கிறாள். ஒன்று, தன்னைச் சீண்டிய காக்கையை ராமன் புல்லை ஏவி விரட்டிய கதை. மற்றொன்று, அவள் வளர்த்த கிளியின் கதை. ஆக, ராமன் தான் யாரென்று சீதைக்கு நிரூபித்தான், சீதை தான் யாரென்று ராமனுக்கு நிரூபித்தாள். ஒவ்வொரு ரகசியமும் ஒருமுறைதான் செலவானது, நம் ஓ.டி.பி.யைப் போல.

இருபக்கமும் நிரூபிக்க வேண்டும் என்ற இந்தச் சங்கதி செல்பேசிப் பொறியாளர்களுக்குத் தாமதமாகத்தான் கைகூடியது. 2ஜி காலத்தில் சிம் கார்டு தான் யாரென்று கோபுரத்துக்கு நிரூபித்தது. கோபுரம் தான் யாரென்று சிம்முக்கு நிரூபிக்கவே இல்லை. போலிக் கோபுரம் ஒன்றை வைத்துப் பேச்சை ஒட்டுக்கேட்க அந்த ஓட்டை போதுமானதாக இருந்தது. 3ஜி வந்தபோதுதான் அதை அடைத்தார்கள்.

அந்தக் கிளியை இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும். ‘உங்கள் செல்லப்பிராணியின் பெயர் என்ன?’ என்று இணையதளங்கள் ஆண்டுக்கணக்கில் நம்மைக் கேட்டுவந்த அதே கேள்விதான் இது. ஆனால் பதிலைக் கவனியுங்கள். ‘என் கிளிக்கு யார் பெயரை வைக்கட்டும்?’ என்று சீதை கேட்டபோது ராமன் சொன்ன பெயர் கைகேயி. அவனைக் காட்டுக்கு அனுப்பியவளின் பெயர்! ராவணனின் ஒற்றர்கள் அயோத்திக் கதை முழுவதையும் கரைத்துக் குடித்திருந்தாலும், ஊகிக்கச் சொன்னால் அந்தப் பெயருக்குக் கடைசியாகத்தான் வருவார்கள். எதிர்பாராத செய்தியில்தான் தகவல் அதிகம் என்று கிளாட் ஷானன் 1948இல் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு ரகசியத்தின் வலுவும் அதே கணக்கில்தான் அடங்கும். எத்தனை பேருக்குத் தெரியும் என்பதைவிட, தெரியாதவன் எத்தனை தடவை முயன்றால் ஊகிப்பான் என்பது முக்கியம். ‘காடு எங்கே?’ என்ற கேள்வி கூட நடந்த லட்சுமணன் காதிலும் விழுந்திருக்கலாம். அதனால் குடி முழுகிவிடவில்லை.

நம் பதில்களோ கைகேயிகளாக இல்லை. பாதுகாப்புக் கேள்விகளைப் பற்றி கூகுள் 2015இல் வெளியிட்ட ஆய்வு, ஆங்கிலம் பேசும் பயனாளர்களின் ‘பிடித்த உணவு’ எது என்பதை ஒரே ஊகத்தில் கண்டுபிடிக்க 19.7 சதவீத வாய்ப்பு இருப்பதாகச் சொன்னது. அந்த ஒரே ஊகம் பீட்சா. ஏறக்குறைய 37 சதவீதம் பேர், யாரும் கண்டுபிடிக்கக் கூடாது என்று வேண்டுமென்றே பொய்யான பதில்களைக் கொடுத்திருந்தார்கள். எல்லோரும் ஒரே மாதிரிப் பொய் சொன்னதால் ஊகிப்பது இன்னும் சுலபமாகிவிட்டது. இன்னொரு பக்கம், அமெரிக்காவில் ஆங்கிலம் பேசும் பயனாளர்களில் 40 சதவீதம் பேருக்குத் தங்கள் பதில் தேவையான நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. திருடனுக்குத் தெரிகிறது, சொந்தக்காரருக்கு மறந்துபோகிறது. 2008இல் அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளர் சாரா பேலினின் யாஹூ மின்னஞ்சல் திறக்கப்பட்டதும் இப்படித்தான். பிறந்த தேதி, அஞ்சல் குறியீடு, கணவரை முதலில் சந்தித்த இடம் ஆகிய மூன்றும் பொதுவெளியிலேயே கிடந்தன.

ஜே.கே. ரௌலிங் இதைக் கிண்டலடித்திருக்கிறார். 2005இல் வந்த ஆறாவது ஹாரி பாட்டர் நாவலில், உருமாறும் எதிரிகளிடமிருந்து தப்பக் குடும்பத்தினர் தங்களுக்குள் ரகசியக் கேள்விகளை வைத்துக்கொள்ள வேண்டும் என்று அரசு துண்டறிக்கை விடுகிறது. தனக்குப் பிடித்த ஜாம் எது என்று டம்பிள்டோர் ஹாரியிடம் சொல்லிவைக்கிறார். சொன்ன கையோடு, என்னைப் போல் வேடமிடுகிறவன் என் ஜாம் ருசியைத் தெரிந்துகொள்ளாமலா வருவான் என்றும் சிரிக்கிறார். அதே நாவலில் வீஸ்லி தம்பதி கதவுக்கு இருபுறமும் நின்று சோதித்துக்கொள்ளும் காட்சி வருகிறது. தனிமையில் கணவர் தன்னை எந்தச் செல்லப் பெயரால் கூப்பிட வேண்டும் என்று தான் விரும்புவதை, அருகில் ஹாரி நிற்க, அந்த அம்மாள் முகம் சிவக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தப் பெயர் இனி அடையாளத்துக்கு உதவாது.

ரகசியத்தை வைத்திருப்பதை நிரூபிக்க, ரகசியத்தையே வெளியே சொல்லியாக வேண்டியிருக்கிறது. சொன்னால் அது ரகசியமில்லை. அலிபாபா கதையின் அடித்தளமே இந்த இடறல்தான். மரத்தின்மேல் ஒளிந்திருந்தவன் காதில் ‘திறந்திடு சீசேம்’ விழுந்த கணத்தில், 40 திருடர்களின் பாதுகாப்பு முடிந்துபோனது. கதவு குரலைப் பார்க்கவில்லை, ஆளைப் பார்க்கவில்லை, நேற்றைய சொல்லையே இன்றும் ஏற்றுக்கொண்டது. (இந்தக் கதை அரபுக் கதைத் தொகுப்பின் பழைய கையெழுத்துப் பிரதிகளில் கிடையாது. அலெப்போவைச் சேர்ந்த ஹன்னா தியாப் என்ற இளைஞர் 1709இல் பாரிஸில் அந்துவான் கலானுக்கு வாய்மொழியாகச் சொன்னது. எம்.ஜி.ஆர். குகைக்குள் நுழைந்ததற்கு நாம் நன்றி சொல்ல வேண்டியவர் அவர்தான்.) குகைக்குள் மாட்டிக்கொண்ட அண்ணன் காசிம் சொல்லை மறந்து வேறு தானியங்களின் பெயர்களை அடுக்கிப் பார்க்கிறான், கதவு அசையவில்லை. கூகுளின் 40 சதவீதத்தில் அவனையும் சேர்த்துக்கொள்ளலாம்.

சிம் கார்டு இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. அதற்குள் 128 பிட் நீளமுள்ள ரகசிய எண் ஒன்று உண்டு. அதை அது யாரிடமும் சொல்வதில்லை. வலையமைப்பு ஒவ்வொரு முறையும் புதிதாக ஏதோ ஓர் எண்ணை அனுப்பும். சிம் அதையும் தன் ரகசிய எண்ணையும் சேர்த்துக் கணக்கிட்டு, விடையை மட்டும் திருப்பி அனுப்பும். மரத்தின்மேல் இருப்பவன் அதை ஒட்டுக்கேட்டாலும் நாளைக்கு அந்த விடை செல்லாது, ஏனென்றால் நாளைய கேள்வி வேறு.

ஹோமரின் பெனலோபி இதைவிடத் தந்திரக்காரி. 20 ஆண்டுகள் கழித்து வந்து நிற்பவன் தன் கணவன் ஒடிசியஸ்தானா என்று அவளுக்குத் தெரிய வேண்டும். கிழட்டுச் செவிலி அவன் தொடைத் தழும்பைப் பார்த்து உறுதி சொல்லியாயிற்று. பெனலோபிக்கு அது போதவில்லை. அவளும் ஒடிசியஸும் மட்டுமே அறிந்த அடையாளங்கள் உண்டு. ஆனால் அவற்றில் ஒன்றைப் பற்றிக்கூட அவள் கேள்வி கேட்பதில்லை. செவிலியைக் கூப்பிட்டு, அவர் தன் கையால் செய்த கட்டிலை அறைக்கு வெளியே எடுத்துப் போடு, அதில் படுத்துக்கொள்ளட்டும் என்று சாதாரணமாகச் சொல்கிறாள். அவன் கொதித்தெழுகிறான். என் கட்டிலை நகர்த்தியது யார்? வேரூன்றி நின்ற ஆலிவ் மரத்தையே ஒரு காலாக்கி, அதைச் சுற்றி அறை கட்டியவன் நான். மரத்தை வெட்டாமல் அது எப்படி நகரும்? அவள் முழங்கால் துவள்கிறது.

இந்தச் சோதனையின் அழகு, அது சோதனை என்பதே அவனுக்குத் தெரியாது என்பதில் இருக்கிறது. ‘நம் கட்டிலில் என்ன விசேஷம்?’ என்று கேட்டிருந்தால் போலி ஆள் உஷாராகியிருப்பான். இங்கே அவன் தலையாட்டிவிட்டுப் படுக்கப் போயிருப்பான். பொய்யை உண்மைபோல் வைத்துவிட்டு, யார் மறுக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் உத்தி. போலி ஆளுக்கு ஒத்துப்போவதுதான் பழக்கம், சொந்தக்காரனுக்குத்தான் கோபம் வரும். போலிக்கு இதிலிருந்து எந்த ரகசியமும் கிடைப்பதில்லை என்பது கூடுதல் லாபம்.

சுமார் 2,700 ஆண்டுகள் கழித்து, 1991இல் ஜேம்ஸ் கேமரூன் அதே உத்தியைத் தொலைபேசிப் பெட்டிக்குள் கொண்டுவந்தார். ‘டெர்மினேட்டர் 2’ படத்தில் சிறுவன் ஜான் வீட்டுக்கு போன் செய்கிறான். வளர்ப்புத் தாயின் குரலில் பேசுவது அவர்தானா, உருமாறும் இயந்திரமா? அவனைக் காக்க வந்த இன்னோர் இயந்திரமான அர்னால்டு ரிசீவரை வாங்கி, சிறுவனின் குரலிலேயே நாயை விசாரிக்கிறார். நாயின் பெயர் மேக்ஸ். அவர் கேட்பதோ வுல்ஃபியைப் பற்றி. வுல்ஃபி நன்றாக இருக்கிறது என்று பதில் வந்ததும் போனை வைத்துவிடுகிறார்.

நிஜ வாழ்க்கையும் இங்கே வந்து சேர்ந்துவிட்டது. 2024 ஜூலையில் ஃபெராரி நிறுவனத்தின் உயர் அதிகாரி ஒருவருக்குத் தலைமைச் செயல் அதிகாரியின் குரலில் அழைப்பு வந்தது. குரல் கச்சிதம். சந்தேகம் தட்டியதால், சில நாட்களுக்கு முன் நீங்கள் எனக்குப் படிக்கச் சொன்ன புத்தகம் எது என்று அவர் கேட்டார். அழைப்பு துண்டிக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்க எஃப்.பி.ஐ., குடும்பத்தினர் தங்களுக்குள் ஒரு ரகசியச் சொல்லை வைத்துக்கொள்ளுமாறு அறிவுரை வெளியிட்டது. ரௌலிங் கிண்டலடித்த துண்டறிக்கை அப்படியே அச்சாகி வந்துவிட்டது! என்னைக் கேட்டால், நிரந்தரச் சொல்லைவிடப் பெனலோபி வழி மேல். ‘அத்தை ஊருக்குப் போயாச்சா?’ என்று இல்லாத அத்தையை விசாரித்துப் பாருங்கள்.

பகிர்ந்த நினைவு மட்டுமே எல்லாவற்றையும் காப்பாற்றிவிடும் என்றும் சொல்ல முடியாது. 16ஆம் நூற்றாண்டுப் பிரான்ஸில், ஆர்த்திகா என்ற கிராமத்துக்கு ‘காணாமல் போன மார்ட்டின் கேர் நான்தான்’ என்று வந்த ஆர்னோ து தில், மூன்று ஆண்டுகளுக்கு மேல் அவர் மனைவியோடு குடும்பம் நடத்தினான். துலூஸ் நீதிமன்றத்தில் பழைய கதைகளைத் துல்லியமாகச் சொன்னான். 1560இல் உண்மையான மார்ட்டின் மரக்காலோடு வந்து நின்றபோது, சில கேள்விகளில் போலியின் நினைவே அசலைவிடத் தெளிவாக இருந்தது. நேர்மையாக வாழ்ந்தவனுக்கு மறதி உண்டு. படித்துவிட்டு வந்தவனுக்கு ஏது மறதி?

ரகசியத்தைச் சொல்லாமலே, அது என்னிடம் இருக்கிறது என்று எதிராளியை முழுக்க நம்பவைக்க முடியுமா? கதைக்காரர்கள் தொடாத இந்த எல்லையை 1985இல் ஷாஃபி கோல்ட்வாசர், சில்வியோ மிகாலி, சார்லஸ் ராக்காஃப் மூவரும் கடந்தார்கள். முடியும் என்று கணித வழியில் காட்டினார்கள். பூஜ்ய அறிவு நிரூபணம் என்று அதற்குப் பெயர். முன்னவர் இருவருக்கும் 2012ஆம் ஆண்டின் டூரிங் விருது கிடைத்தது. சிம் கார்டின் ரகசிய எண் செல்பேசி நிறுவனத்திடமும் இருந்தாக வேண்டும். இங்கே சரிபார்ப்பவருக்கு அது தெரிய வேண்டியதே இல்லை.

இதைக் குழந்தைகளுக்கு விளக்க, 1989இல் ழான்-ஜாக் கிஸ்கத்தேரும் லூயி கியூவும் தங்கள் குடும்பத்தாரோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். அவர்கள் போய் நின்ற இடமும் அலிபாபா குகைதான். இந்தக் குகை உள்ளே போனதும் இடம், வலம் என இரண்டு பாதைகளாகப் பிரியும். இரண்டையும் உள்ளே இணைப்பது ஒரு மந்திரக் கதவு. மந்திரம் தெரிந்த ஒருவர் ஏதோ ஒரு பாதையில் உள்ளே போகிறார். எந்தப் பாதை என்று சரிபார்ப்பவர் பார்க்கவில்லை. பிரியும் இடத்துக்கு வந்து, காசைச் சுண்டி, விழுந்தபடி ‘வலப்பக்கமாக வா’ என்றோ ‘இடப்பக்கமாக வா’ என்றோ கத்துகிறார். மந்திரம் தெரிந்தவர் எப்படியும் சொன்ன பக்கம் வருவார். தெரியாதவருக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. 20 முறை தொடர்ந்து தப்பிக்க ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒரு வாய்ப்பு. திருடர்களின் எண்ணிக்கைக்கு 40 முறை என்றால், ஒரு லட்சம் கோடியில் ஒன்றுக்கும் குறைவு. மந்திரம் மட்டும் ஒருமுறைகூட வெளியே கேட்கவில்லை. ஸீகேஷ் என்ற மின்னணுப் பணம் 2016 முதல் இதன் வழியில் வந்த ஒரு முறையால், அனுப்பிய தொகையைக் காட்டாமலே கணக்கு நேர்தான் என்று நிரூபிக்கிறது. பிறந்த தேதியைச் சொல்லாமல் 18 வயது நிரம்பியதை நிரூபிப்பதற்கும் இதே தத்துவம் உதவும்.

அந்தக் கட்டுரையில் எனக்குப் பிடித்தது அதற்கடுத்த திருப்பம். குகையில் நடப்பதையெல்லாம் ஒரு நிருபர் வீடியோ எடுக்கிறார். பொறாமை பிடித்த இன்னொரு நிருபர், மந்திரம் தெரியாத ஒரு நடிகரை வைத்து அதே காட்சியை எடுக்கிறார். தவறான பக்கம் வந்த பாதி முயற்சிகளை வெட்டி எறிந்துவிடுகிறார். இரண்டு நாடாக்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆய்வாளர்கள் இதைக் குறையாகப் பார்க்கவில்லை. மந்திரம் தெரியாதவரே தயாரித்துவிடக்கூடிய நாடாவில் மந்திரத்தைப் பற்றிய செய்தி எதுவும் இருக்க முடியாது என்று வாதிட்டு, ரகசியம் கசியவில்லை என்பதற்கு அந்தப் போலி நாடாவையே சான்றாக வைத்தார்கள். காசைத் தன் கையால் சுண்டியவருக்கு முழு நம்பிக்கை கிடைத்துவிட்டது. அதை அவர் அடுத்த வீட்டுக்காரருக்குக்கூட நிரூபிக்க முடியாது.