பூக்கடைக்கும் விளம்பரம் வேண்டும்

பூக்கடைக்கு விளம்பரம் எதற்கு என்று நம் ஊரில் சொல்வது வழக்கம். மல்லிகையின் மணமே தெருமுனை வரை போய் ஆளை அழைத்து வந்துவிடும். சரிதான். ஆனால் மூடிய டப்பாவில் இருக்கும் இட்லி மாவுக்கு மணம் ஏது? அதுவும் நம் முகமும் மொழியும் பழக்கமில்லாத ஊரில்?

வாசக அன்பர்களே, நான் வியாபாரம் படித்தவன் அல்லன். டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்து, டீசல் என்ஜின்களோடு காலம் கழித்து ஓய்வு பெற்றவன். கோர்படியில் என் கண் முன்னே நடந்த ஒரு சிறு வியாபாரத்தின் கதையைச் சொன்னால், நம் குடும்பங்களில் கைத்தொழிலோ வீட்டுத்தொழிலோ செய்பவர்களுக்குப் பயன்படக்கூடும் என்றுதான் எழுதத் துணிந்தேன்.

எங்கள் பகுதியில் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த ஓர் அம்மாள் இருக்கிறார். கணவர் காலமானபின் இரண்டு பிள்ளைகளின் படிப்புச் செலவு அவர் தலையில் விழுந்தது. தவணையில் ஒரு பெரிய கிரைண்டர் வாங்கினார். உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவும் செய்துகொண்டு, இட்லி மாவு அரைத்து விற்கத் தொடங்கினார். "அண்ணாச்சி, நாலு பேருக்குத் தெரியறதுக்கு என்ன செய்யலாம்?" என்று என்னைக் கேட்டார். நான் சற்றும் யோசிக்காமல், "நோட்டீஸ் அடிச்சு பேப்பருக்குள்ளே வச்சுப் போடச் சொல்லும்மா" என்றேன்.

மூவாயிரம் நோட்டீஸ் அடித்தோம். 'சுவையான, சுத்தமான, தரமான' என்று கொட்டை எழுத்தில் போட்டோம். எல்லாம் பழைய பேப்பரோடு எடைக்குப் போயிற்று. நோட்டீஸைப் பார்த்து வந்தவர்கள் ஏழே பேர். அந்த மாதம் கிரைண்டருக்குக் கட்ட வேண்டிய தவணைப் பணம் அதில் கரைந்தது. யோசனை என்னுடையது, பணம் அவருடையது. அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எனக்குத்தான் பல நாள் உறுத்தியது.

நாங்கள் செய்த பிழை என்ன? எல்லாக் கடைக்காரரும் 'என் சரக்கு நல்ல சரக்கு' என்றுதான் சொல்கிறார்கள். நாங்களும் அதையே சொன்னோம். படிப்பவருக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை.

முன்னோர் காட்டிய வழி

கையில் அதிகப் பணம் இல்லாமல் பெயரெடுத்தவர்கள் என்ன செய்தார்கள் என்று அதன் பிறகுதான் தேடிப் படித்தேன். நம் வீடுகளில் எல்லாம் இருந்த அமிர்தாஞ்சன் மஞ்சள் தைலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அது பிறந்தது சென்னையில் அல்ல, பம்பாயில். 1893-ல் அதைத் தொடங்கிய காசீநாதுனி நாகேஸ்வர ராவ் ஆந்திராவிலிருந்து பிழைக்க வந்தவர், நம்மைப் போல. தைலத்தை அவர் சங்கீதக் கச்சேரிகளில் இலவசமாகக் கொடுத்தார். மணிக்கணக்காகக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தலைவலி வருவது இயல்பு. அந்த இடத்தில் கையில் கிடைக்கும் துளி மருந்து நூறு நோட்டீஸ் சொல்லாததைச் சொல்லிவிடும். எங்கே தேவையோ அங்கே, தேவைப்படும் நேரத்தில் கொடுத்ததுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம் என்று எனக்குப் படுகிறது. 1908-ல் அதே பம்பாயிலிருந்து 'ஆந்திர பத்திரிகா' என்ற தெலுங்கு வார இதழையும் தொடங்கினார். 1914-ல் அது சென்னையில் நாளிதழாயிற்று. இன்று மயிலாப்பூரில் அவர் பெயரில் ஒரு பூங்கா இருக்கிறது.

பிரான்ஸ் நாட்டு மிஷலின் டயர் கம்பெனிக்காரர்கள் 1900-ல் கார் ஓட்டுவோருக்கு ஒரு கையேடு அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தார்கள். பெட்ரோல் எங்கே கிடைக்கும், டயரை எப்படி மாற்றுவது, எங்கே தங்கலாம் என்ற விவரங்கள் அதில் இருந்தன. வண்டி ஓடினால் டயர் தேயும், தேய்ந்தால் புது டயர் வாங்குவார்கள் என்பது கணக்கு.

அவ்வளவு தூரம் போவானேன்? இங்கே மராத்திய வீடுகளில் தொங்கும் 'காலநிர்ணய்' காலண்டரைப் பாருங்கள். ஜயந்தராவ் சால்காவ்கர் 1973-ல் தொடங்கியது. முன்பக்கம் திதி, நட்சத்திரம், பண்டிகை. தாளைத் திருப்பினால் சமையல் குறிப்பும் உடல்நலக் கட்டுரையும். தமிழிலும் வருகிறது. நம் ஊர் ஜவுளிக்கடைகளும் நகைக்கடைகளும் ராகுகாலம் போட்ட தினசரிக் காலண்டரைக் கொடுப்பதும் இதே சூட்சுமம்தான். பயனுள்ள தாளை யாரும் எடைக்குப் போடுவதில்லை. வருஷம் முழுவதும் அது சுவரில் நிற்கும், கடைப் பெயரும் கூடவே நிற்கும்.

டப்பாவோடு ஒரு சீட்டு

அந்த ஆண்டு மார்கழிக் குளிரில் அம்மாளுக்கு ஒரு சங்கடம் வந்தது. "இட்லி கல்லு மாதிரி இருக்கு" என்று மராத்திய வாடிக்கையாளர்கள் டப்பாவைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். மாவில் குற்றமில்லை. குளிரில் மாவு பொங்க நேரமாகும் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. நம் ஊர் வெக்கையில் ஒரே இரவில் பொங்கும் மாவு, புனேயின் டிசம்பர் குளிரில் மறுநாள் மதியம் வரைகூட எடுத்துக்கொள்ளும்.

அம்மாள் ஒரு சீட்டு எழுதினார். பக்கத்து வீட்டுப் பள்ளி மாணவி அதை மராத்தியில் மாற்றிக் கொடுத்தாள். மாவு அரைத்த தேதி, குளிர்காலத்தில் பாத்திரத்தைத் துணி சுற்றி அடுப்படி ஓரமாக வைக்க வேண்டும் என்ற குறிப்பு, முதல் இரண்டு நாள் இட்லி, மூன்றாம் நாள் தோசை, அதற்கு மேல் வெங்காயம் போட்டு உத்தப்பமோ பணியாரமோ என்ற வரிசை. பணியாரத்தை இங்கே 'ஆப்பே' என்பார்கள். அந்தச் சொல்லையே எழுதினார். கடைசியில் ஒரு வரி: 'புளித்த மாவில் இட்லி வார்க்காதீர்கள்; நன்றாக வராது.' நூறு சீட்டு ஜெராக்ஸ் எடுக்க ஆன செலவு, நான் வீணாக்கிய நோட்டீஸ் செலவில் ஒரு மூலைக்குக் காணாது.

சில வாரங்களில் அந்தச் சீட்டை ஃபிரிஜ் கதவில் ஒட்டியிருப்பதாகப் பலர் சொன்னார்கள். பிறகு அவர் வாட்ஸ்அப்பில் வெள்ளிக்கிழமை தோறும் ஒரே ஒரு குறிப்பு அனுப்பத் தொடங்கினார். கேட்டவர்களுக்கு மட்டும். காலை வணக்கப் படம் கிடையாது, வாழ்த்துச் செய்தி கிடையாது.

அடுத்த கோடையில் ஓர் இரவு மின்சாரம் நின்று, நாற்பது டப்பா மாவு புளித்துப்போனது. நான், "யாருக்கும்மா தெரியப்போவுது? பேசாம கொடுத்துடு" என்றேன். அவர் என்னைப் பார்த்து, "புளிச்ச மாவுல இட்லி வார்க்காதீங்கன்னு எழுதினது நான்தானே அண்ணாச்சி" என்றார். அன்று காலை செய்தி போயிற்று: 'இன்றைய மாவு இட்லிக்கு ஆகாது. உத்தப்பத்துக்கு வேண்டுவோர் பாதி விலையில் எடுத்துக்கொள்ளலாம்.' பாதி விற்றது, மீதியைக் கொட்டினார். அன்று நஷ்டம்தான். ஆனால் அடுத்த வாரம் ஒரு மராத்தியப் பாட்டி தன் பஜனை மண்டளிப் பெண்மணிகள் பன்னிரண்டு பேரை அழைத்துவந்தார். "உள்ளதைச் சொல்லி விற்கிறவள் இவள்" என்று அவர் அறிமுகப்படுத்தியதை நானே கேட்டேன்.

அம்மாள் பணக்காரராகிவிடவில்லை. கிரைண்டர் கடன் தீர்ந்தது, மூத்தவள் கல்லூரிக்குப் போகிறாள். எனக்கு இரண்டு முறை பாடம் கிடைத்தது.

நாம் செய்யக்கூடியவை

நம்மில் தையல், டியூஷன், மின்வேலை, வண்டி பழுதுபார்ப்பு, சமையல் காண்டிராக்ட் என்று எத்தனையோ தொழில் செய்கிறோம். வாடிக்கையாளர் நம்மிடம் அடிக்கடி கேட்கும் பத்துக் கேள்விகளை ஒரு நோட்டில் எழுதுங்கள். பத்துக்கும் பதில் எழுதினால் பத்து வாரத்துக்குக் குறிப்பு தயார். மின்வேலை செய்பவர், ஷாக் அடிக்காமல் காக்கும் ஆர்.சி.சி.பி.யில் உள்ள 'டெஸ்ட்' பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கச் சொல்லலாம். மெக்கானிக், மழைக்கு முன் டயரின் தேய்மானத்தையும் பிரேக்கையும் பார்க்கச் சொல்லலாம். தையற்காரர், பட்டுப் புடவையை மடிப்பு மாற்றி வைக்கச் சொல்லலாம்.

தொழில் ரகசியத்தைச் சொல்லிக்கொடுத்தால் வாடிக்கையாளர் தாமே செய்துகொள்வாரே என்று பயப்பட வேண்டாம். நூற்றில் ஒருவர் செய்துகொள்வார். மற்றவர் விஷயம் தெரிந்தவரைத் தேடி வருவார்.

எந்த மொழியில் வாங்குகிறார்களோ அந்த மொழியில் எழுதுங்கள். நம் பிள்ளைகள் மராத்தியும் ஹிந்தியும் சரளமாக எழுதுகிறார்கள். அவர்களை இந்த வேலைக்குப் பழக்குங்கள். உணவுப் பொருளோ தைலமோ விற்பவர்கள் 'சர்க்கரை வியாதி தீரும்' என்றெல்லாம் எழுதிவிடாதீர்கள். அப்படி விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954-ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, விடாமல் செய்யுங்கள். என்ஜினுக்கு எண்ணெய் போடுவதை ஒரே நாளில் மொத்தமாகச் செய்து முடித்துவிட முடியாது. குறித்த நாளில், குறித்த அளவு. வியாபாரத்துக்கும் அதேதான்.

அம்மாளின் அந்த முதல் சீட்டு ஒன்று என் வீட்டு ஃபிரிஜ் கதவிலும் இருக்கிறது. மஞ்சள் படிந்துவிட்டது. எடுக்க மனம் வரவில்லை.