கொல்லரிடம் பாடம் படித்த கணினி

பள்ளி வேன் ஓட்டுநர் 10 மாணவர்களை அவரவர் வீட்டில் இறக்கிவிட வேண்டும். எந்த வீட்டுக்கு முதலில் போவது, எதற்கு அடுத்து? மொத்தம் 36,28,800 வரிசைகள் உண்டு! குறைந்த தூரம் எது என்று கணினி ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்லிவிடும். மாணவர்கள் 20 பேர் என்றால்? நொடிக்கு 100 கோடி வரிசைகளைச் சரிபார்த்தாலும் 77 ஆண்டுகள் பிடிக்கும். அதற்குள் எல்லாரும் தாத்தா பாட்டி ஆகிவிடுவார்கள்!

குறுக்குவழி ஒன்று உண்டு. ஏதாவது ஒரு வரிசையில் இரண்டு வீடுகளை இடம் மாற்றுவோம். தூரம் குறைந்தால் புதிய வரிசை, கூடினால் பழையதே. ஆனால் இதில் சிக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஒரு கட்டத்தில் எந்த இரண்டை மாற்றினாலும் தூரம் கூடும். அதைவிட நல்ல வழியோ வேறெங்கோ ஒளிந்திருக்கும்.

இதற்கு விடை கொல்லர் உலையில் கிடைத்தது. பழுக்கக் காய்ச்சிய எஃகைச் சட்டென்று தண்ணீரில் முக்கினால், அணுக்கள் சரியான இடத்துக்கு நகருமுன் மாட்டிக்கொள்ளும். எஃகு கடினமாகும், ஆனால் சுலபமாக உடையும். மெல்ல ஆறவிட்டால் அணுக்கள் நிதானமாக நகர்ந்து, ஆற்றல் குறைந்த இடங்களில் அமரும்.

சூடான பொருளில் துகள்கள் நடந்துகொள்வதைக் கணக்கிட, 1953இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் மெட்ரோபோலிஸ் குழுவினர் ஒரு விதி வகுத்தனர். ஆற்றலைக் குறைக்கும் நகர்வை எப்போதும் ஏற்க வேண்டும். கூட்டும் நகர்வையும் சில சமயம் ஏற்க வேண்டும். சூடு கூடினால் அந்தச் 'சில சமயம்' அடிக்கடி வரும். மேனியாக் என்ற கணினியில் இதற்கான நிரலை எழுதியவர் அரியானா ரோசன்புளூத்.

1983இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் கிர்க்பாட்ரிக், கெலாட், வெக்கி மூவரும் இந்த விதியில் ஆற்றலுக்குப் பதில் தூரத்தை வைத்துப் பார்த்தனர். வெப்பநிலை வெறும் எண்ணானது. அதை மெல்ல மெல்லக் குறைத்தனர். தொடக்கத்தில் தூரம் கூடும் மாற்றங்களையும் சில சமயம் ஏற்பதால், சிக்கிய இடத்திலிருந்து வெளியே வர முடியும். கணினிச் சிப்பின் உறுப்புகளை நெருக்கமாக அடுக்கவும் இதே முறை உதவியது. ஆகச் சிறந்த விடைதான் வரும் என்ற உறுதி இல்லை. ஆனால் நல்ல விடை சீக்கிரம் வரும்.

நீங்களும் செய்து பாருங்கள்! கட்டத்தாளில் 8 புள்ளிகள் வைத்து, எல்லாவற்றையும் தொடும் பாதை ஒன்று வரையுங்கள். இரண்டு புள்ளிகளின் வரிசையை மாற்றுங்கள். நீளம் குறைந்தால் புதிய பாதை; கூடினால் பகடை உருட்டுங்கள். இப்படியே திரும்பத் திரும்பச் செய்யுங்கள். முதல் 10 முறை 1 முதல் 4 வரை விழுந்தால் புதிய பாதையை ஏற்கலாம். அடுத்த 10 முறை 1 விழுந்தால் மட்டும். அதன்பின் ஏற்கவே கூடாது. கடைசியில் கிடைத்த பாதையை அளந்து, நண்பரின் பாதையோடு ஒப்பிடுங்கள்.