செவ்வாய், வெள்ளி தவறாத வீடியோ! கடம்பத்தூர் பிளாட்பாரத்தில் கைமாறும் ஜாக்கெட் பை!!

கடம்பத்தூர்,-

காலை நேரம். அரக்கோணத்தில் இருந்து சென்னை செல்லும் மின்சார ரெயில் கடம்பத்தூரில் வந்து நிற்கிறது. பெண்கள் பெட்டி வாசலில் இருந்து ஒரு கை நீளுகிறது. கீழே நிற்கும் பெண் ஒரு மஞ்சள் பையை அந்தக் கையில் திணிக்கிறார். பதிலுக்கு வேறொரு பை கீழே வருகிறது. அரை நிமிடம்தான். ரெயில் கிளம்பி விடுகிறது.

கஞ்சாவா? கடத்தல் சரக்கா? போலீஸ் செய்தி எழுதுகிறவனுக்கு அப்படித்தான் புத்தி போகும்.

போன பையில் இருப்பது தைத்து முடித்த லைனிங் ஜாக்கெட். வந்த பையில் இருப்பது புதுத்துணியும், அளவு ஜாக்கெட்டும். கீழே நிற்கும் பெண் என் சொந்த அக்கா!

சொந்த அக்கா கதையை எழுதலாமா என்று ஆசிரியரிடம் கேட்டேன். "பெயர் போடாமல் எழுது" என்றார். எழுதுகிறேன்.

வேலை போச்சு

2023-ம் ஆண்டு மாமாவுக்கு கம்பெனியில் காண்டிராக்ட் வேலை முடிந்து போனது. திரும்ப கூப்பிடவில்லை. 2 பிள்ளைகள். அக்காவிடம் இருந்தது ஒரு தையல் மெஷினும், மகளிர் குழுவில் வாங்கிய 30 ஆயிரம் ரூபாய் கடனும்தான். தெருவில் ஏற்கனவே 3 தையல்கடை.

அக்கா ஒரு செல்போனை ஸ்டூலில் கட்டினாள். துணி வெட்டுவதை வீடியோ எடுத்து யூ-டியூப்பில் போட்டாள். முகம் கிடையாது. கையும், கத்தரியும், சாக்பீசும் மட்டும்.

முதல் வீடியோவை பார்த்தவர்கள் 11 பேர். அதில் 4 பேர் எங்கள் வீட்டு ஆட்கள்.

2 மாதம் கழித்து, "விட்டுடுக்கா, யாரும் பாக்கல" என்றேன். அவள் தலைநிமிராமல் கைக்குழி வெட்டிக்கொண்டே சொன்னாள்: "டேய் தம்பி, இன்னிக்கு ஆள் வரலேன்னு ஷட்டரை சாத்துனா, நாளைக்கு மட்டும் எவன்டா வருவான்?"

நான் வாயை மூடிக்கொண்டேன்.

சின்ன வீரமங்கலம்

அக்காவுக்கு தைரியம் கொடுத்தது புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலம் கிராமம். அந்த ஊரை தெரியாதவர்களுக்கும் "வில்லேஜ் குக்கிங் சேனல்" தெரியும். பெரியதம்பி தாத்தாவும், அவருடைய பேரன்கள் 5 பேரும் 2018-ம் ஆண்டு தொடங்கியது. விவசாய குடும்பம். தாத்தா சமையல் தெரிந்தவர். வயல்வெளியில் அடுப்பு, பெரிய அண்டா, அம்மியில் அரைத்த மசாலா. இவ்வளவுதான் மூலதனம்.

2021 ஜனவரியில் ராகுல் காந்தி அவர்களுடன் உட்கார்ந்து காளான் பிரியாணி சாப்பிட்டார். வெங்காயப் பச்சடியை அவரே கலக்கினார். அந்த வீடியோவில்தான் ஊர் உலகம் அவர்களை பார்த்தது போல பலர் நினைக்கிறார்கள். அதற்கு முன்பே ஏறக்குறைய 3 ஆண்டு காலம் அவர்கள் அண்டாவை இறக்காமல் சமைத்துக்கொண்டு இருந்தார்கள்!

2021 ஜூலையில் சந்தாதாரர் எண்ணிக்கை 1 கோடியை தாண்டியது. தமிழ் சேனல்களில் இதுவே முதல். முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலினை சந்தித்து கொரோனா நிவாரண நிதிக்கு ரூ.10 லட்சம் கொடுத்தார்கள். 2022-ல் வந்த கமல்ஹாசனின் "விக்ரம்" படத்திலும் தலைகாட்டினார்கள்.

ஒரு பெரியதம்பி தாத்தா ஜெயித்தார் சரி. அடுப்பு பற்றவைத்து அணைந்து போனவர்கள் எத்தனை பேர்? அவர்களை யார் கணக்கு எடுத்தார்கள்?

4 ஆயிரம் மணி

விளம்பர பணத்துக்கு யூ-டியூப் வைத்திருக்கும் வாசல்படி உயரமானது. ஆயிரம் சந்தாதாரர் வேண்டும். கூடவே கடைசி 12 மாதத்துக்குள் மக்கள் பார்த்த நேரம் 4 ஆயிரம் மணி ஆகவேண்டும். (குட்டி வீடியோ போடுகிறவர்களுக்கு 90 நாளில் 1 கோடி பார்வை.)

4 ஆயிரம் மணி என்றால் 2 லட்சத்து 40 ஆயிரம் நிமிடம். ஒருவர் 3 நிமிடம் பார்த்தால், 80 ஆயிரம் தடவை பார்க்க வேண்டும்!

வில்லங்கம் அந்த "கடைசி 12 மாதம்" என்பதில்தான். போன வருடம் சேர்ந்த மணி இந்த வருடம் கணக்கில் இருந்து கழன்று விடும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதை. ஊற்றுவதை நிறுத்தினால் குடம் காலி. பணம் வர ஆரம்பித்த பிறகும், 6 மாதத்துக்கு மேல் ஒன்றுமே போடாமல் இருந்தால் அந்த வசதியை அவர்கள் பிடுங்கிக்கொள்ளலாம்.

இதை கேட்டுவிட்டு மார்கழி மாதம் அக்கா தினமும் ஒரு வீடியோ போட்டாள். என்ன ஆச்சு? இடுப்பு பிடித்துக்கொண்டது. பொங்கலுக்கு கொடுக்க வேண்டிய ஜாக்கெட் 9 பாக்கி. "வீடியோ புடிக்கிறதா, துணி தைக்கிறதா?" என்று வாசலில் சண்டை. தை பிறந்ததும் செவ்வாய், வெள்ளி 2 நாள் மட்டும் என்று முடிவு செய்தாள். இரவு 8 மணி. கம்பெனிக்கு போன பெண்கள் வீடு திரும்பும் நேரம். அன்று முதல் தவறியது ஒரே ஒரு வெள்ளி. மாமியார் காரியம்.

ரூ.150 தூண்டில்

நடுவில் ஒரு கண்டம். இரவு 11 மணிக்கு அக்கா போன் செய்தாள். டெலிகிராமில் யாரோ வீடியோவுக்கு "லைக்" போட்டால் பணம் என்றார்களாம். போட்டாள். நிஜமாகவே ரூ.150 வந்து விட்டது! அடுத்து ரூ.5 ஆயிரம் கட்டினால் ரூ.7 ஆயிரம் என்கிறார்கள், கட்டட்டுமா என்றாள்.

எனக்கு வேர்த்து விட்டது. இதே தூண்டிலில் சிக்கியவர்களின் புகாரைத்தான் நான் எழுதிக்கொண்டு இருக்கிறேன். முதலில் சில்லறை வரும். பிறகு 5 ஆயிரம், 20 ஆயிரம், லட்சம் என்று நம் பக்கம் இருந்து போகும். திரும்பாது. "கட்டாதே, போனை வை" என்று கத்தினேன். பணம் போனவர்கள் உடனே 1930 எண்ணுக்கு போன் செய்ய வேண்டும். மோசடிக்காரன் எடுப்பதற்குள் வங்கிக்கணக்கை முடக்கினால்தான் உண்டு. "சந்தாதாரர் விற்பனைக்கு" என்று வருகிற ஆசாமிகளும் இந்த ஜாதியே. விலைக்கு வாங்கிய ஆளை யூ-டியூப் கண்டுபிடித்து கழித்துவிடும்.

வெளிநாட்டு தபால்

14 மாதம் கழித்து வாசல்படியை தாண்டினாள். கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் ரகசிய எண்ணுடன் தபால் வந்தது. "வெளிநாட்டுல யாரும்மா?" என்று தபால்காரர் விசாரித்தாராம். 100 டாலர் சேர்ந்தால்தான் வங்கிக்கு பணம் வரும். அது சேர 2025 ஆகிவிட்டது. 8 ஆயிரத்து சொச்சம். குழு கடன் 2 தவணைக்கு கூட காணாது!

சோறு போடுவது அந்த பணம் அல்ல. வீடியோவை பார்த்துவிட்டு, "நீங்களே தைச்சு கொடுங்கக்கா" என்று கேட்கும் பெண்கள். மணவூர், திருவாலங்காடு, அரக்கோணம் என்று இதே ரெயிலில் வேலைக்கு போகிறவர்கள். வாரத்துக்கு 15 ஜாக்கெட் வருகிறது.

அவர்கள் எல்லோருடைய அளவும், போன் நம்பரும் ஒரு நோட்டில் இருக்கிறது. 2020 ஜூன் 29-ந்தேதி மத்திய அரசு டிக்-டாக் உள்பட 59 செயலிகளை தடை செய்தபோது, எங்கள் தெரு பையன் ஒருவன் சேர்த்து வைத்த கூட்டம் ஒரே ராத்திரியில் காணாமல் போனது. அதை பார்த்தவள் அக்கா. அதனால்தான் நோட்டு. செல்போனில் ஏற்றித் தருகிறேன் என்று சொன்னேன். வேண்டாம் என்றாள்.

நேற்று காலை ரெயில் 6 நிமிடம் தாமதம். பெட்டியில் இருந்து கை நீளுவதற்கு முன்பே குரல் வந்தது: "அக்கா, செவ்வாக்கிழமை போட்டீங்களே, அந்த பானை கழுத்து... எனக்கும் அதே மாதிரி!"

அக்கா நோட்டை பிரித்தாள்.