இளம் பிள்ளைகளின் காலை உணவிலும் சிற்றுணவிலும் பழங்கள்

பிள்ளைகளுக்குப் பழம் நல்லது என்பதை எந்தத் தமிழ்ப் பெற்றோருக்கும் புதிதாக எடுத்துரைக்க வேண்டியதில்லை. அதனை எந்த வடிவில் கொடுக்கிறோம் என்பதே இங்கு கவனிக்கப்பட வேண்டியது. இங்கிலாந்தில் அண்மைய ஆண்டுகளில் 5 முதல் 9 வயது வரையான பிள்ளைகள் மருத்துவமனையில் அனுமதிக்கப்படுவதற்கு மிகப் பொதுவான காரணமாக இருந்து வருவது பற்சிதைவு ஆகும். முழு மயக்க மருந்து கொடுத்துப் பற்களைப் பிடுங்கும் நிலைக்கு ஒரு சிறு பிள்ளை வருவதற்கு இனிப்புப் பண்டங்கள் மட்டும் காரணமல்ல; போத்தலில் ஊற்றிக் கொடுக்கப்படும் பழச்சாறும் காரணமாகலாம்.

உணவு ஆலோசனைகளில் ‘ஃப்ரீ சுகர்ஸ்’ என்றொரு சொல் அடிக்கடி வரும். ‘இலவசச் சீனி’ என்று பெயர்த்தால் நகைப்புக்கிடமாகும் என்பதால், இவ்வழிகாட்டியில் அதனை ‘விடுபட்ட சீனி’ என்று குறிப்பிடுகிறோம். முழுப் பழத்தில் உள்ள இனிப்பு அதன் நார்ப்பகுதிக்குள் அடங்கியிருக்கிறது. பழத்தைப் பிழியும்போதும் இயந்திரத்தில் அடித்துக் கூழாக்கும்போதும் அது வெளியேறிப் பற்களில் நேரடியாகப் படிகிறது. வீட்டில் புதிதாகப் பிழிந்த சாறாயினும் இதில் வேறுபாடில்லை. 4 முதல் 6 வயது வரையான பிள்ளை ஒரு நாளில் 19 கிராமுக்கு மேல் விடுபட்ட சீனி உட்கொள்ளலாகாது. 150 மில்லிலீற்றர் தோடம்பழச் சாற்றிலேயே ஏறத்தாழ 12 கிராம் அடங்கிவிடுகிறது. ஆகவே சாறு கொடுப்பதாயின் நாளொன்றுக்கு அந்த 150 மில்லிலீற்றருக்கு மேற்படாமல், நீர் கலந்து, உணவு வேளையில் மட்டும் கொடுக்கவும். ஒரு வயது நிறைவடையாத குழந்தைக்குச் சாறு தேவையே இல்லை.

பொதிகளில் உள்ள வாசகங்களையும் சற்று நிதானமாக வாசிக்க வேண்டும். ‘சீனி சேர்க்கப்படவில்லை’ என்பது சீனி இல்லை என்று பொருள்படாது. உற்பத்தியாளர் தனியாகச் சீனி சேர்க்கவில்லை என்பதே அதன் பொருள். குழந்தைகளுக்கென விற்கப்படும் உறிஞ்சுகுழாய் வைத்த பழக்கூழ்ப் பைகள் இதற்கு நல்ல உதாரணம். வாங்க நேர்ந்தால், குழந்தையை நேரே உறிஞ்சவிடாது கிண்ணத்தில் ஊற்றிக் கரண்டியால் ஊட்டவும். சேர்பொருட்களின் பட்டியல் எடையில் கூடியது முதலாகக் குறைந்தது ஈறாக எழுதப்பட வேண்டும் என்பது சட்டம். எனவே தமிழ்க் கடைகளில் வாங்கும் மாம்பழக்கூழ்த் தகரத்தில், மாம்பழத்தை அடுத்துச் சீனி எழுதப்பட்டிருப்பின், அதனைப் பழமாக அன்றி இனிப்பாகவே கருதவும்.

இதனிலும் அவசரமான விடயம் ஒன்று உண்டு. வழுக்கலான உருண்டைப் பொருள் சிறு பிள்ளையின் மூச்சுக்குழாயை முழுவதுமாக அடைத்துவிடும் தன்மை உடையது. திராட்சைப்பழத்தை முழுதாகக் கொடுக்க வேண்டாம்; குறுக்காக வெட்டுவதும் போதாது. நீளவாக்கில் நான்காகப் பிளந்தே கொடுக்க வேண்டும். ரம்புட்டான், லைச்சி போன்றவற்றை விதையிலிருந்து சதையை வெட்டியெடுத்துச் சிறு துண்டுகளாக்கவும். அப்பிள் முதலான கடினமான பழங்களை ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் துருவியோ ஆவியில் மென்மையாக அவித்தோ ஊட்டவும். கச்சான், கஜு ஆகியவற்றை 5 வயது வரை முழுதாகக் கொடுக்கலாகாது. அரைத்து வழுவழுப்பாக்கிய வடிவில் கொடுக்கலாம். தொலைக்காட்சி பார்த்துக்கொண்டோ ஓடித்திரிந்துகொண்டோ உண்பதற்குப் பிள்ளையை அனுமதியாது, அமரச் செய்து, அருகில் இருக்கவும். பிள்ளை மூச்சுத் திணறினால் 999 இலக்கத்தை அழைக்கவும்.

காலை உணவைப் பொறுத்தவரை நமது சமையலறையில் உள்ளவையே பெரும்பாலும் போதுமானவை. குரக்கன் கஞ்சியை எடுத்துக்கொள்வோம். 2 மேசைக்கரண்டி குரக்கன் மாவைச் சிறிது குளிர்ந்த நீரில் கட்டியின்றிக் கரைத்து, 200 மில்லிலீற்றர் பாலுடன் மெல்லிய தீயில் 7 அல்லது 8 நிமிடம் விடாது துழாவவும். இறக்கியபின், நன்கு பழுத்த பாதி வாழைப்பழத்தை முள்ளுக்கரண்டியால் மசித்துச் சேர்த்தால் சீனியோ சர்க்கரையோ வேண்டியிராது. தேனும் வேண்டாம், குறிப்பாக, ஒரு வயது நிறைவடையும் முன்னர் தேன் கொடுப்பது பொட்டுலிசம் என்னும் கடுமையான நோய்க்குக் காரணமாகலாம். பிறந்த குழந்தையின் நாவில் தேன் தடவும் வழக்கம் இன்னும் உள்ள வீடுகளில், பாட்டிமாருக்கு இதனைப் பொறுமையாக எடுத்துச் சொல்லவும்.

புட்டும் வாழைப்பழமும் பிசைந்து உண்பது நம்மவர் வழக்கம். அதன்மேல் தூவும் சீனி ஒன்றே அதில் மிகையானது. சிறு பிள்ளைக்குப் புட்டு உலர்ந்து தொண்டையில் சிக்காதவாறு சிறிது இளஞ்சூடான பால் தெளித்து மென்மையாக்கவும். காலையில் நேரமற்ற வேலைத் தம்பதியருக்கு ஓட்ஸ் பெரிதும் உதவும். முதல்நாள் இரவே 3 மேசைக்கரண்டி ஓட்ஸுடன் 100 மில்லிலீற்றர் பால், துருவிய பாதி அப்பிள், ஒரு சிட்டிகை கறுவாத்தூள் ஆகியவற்றைக் கலந்து மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால், காலையில் ஒரு கரண்டி இனிப்பற்ற யோகட் சேர்த்து உடனே கொடுக்கலாம். விடுமுறை நாளில், ஒரு வாழைப்பழம், ஒரு முட்டை, 3 மேசைக்கரண்டி பொடித்த ஓட்ஸ் ஆகியவற்றைக் கலந்து தோசைக்கல்லில் உள்ளங்கையளவு அப்பங்களாகச் சுட்டெடுக்கலாம். பிள்ளைகள் கையில் எடுத்து உண்பதற்கு ஏற்ற உணவு இது, ஆறியபின்னும் கெட்டியாவதில்லை.

காலை உணவுடன் பாற்தேநீர் கொடுக்கும் பழக்கத்தைச் சிறு பிள்ளைகளின் விடயத்தில் கைவிடுவது நன்று. தேநீர், உணவிலுள்ள இரும்புச்சத்து உடலிற் சேர்வதைக் குறைக்கிறது. மாறாக தோடம்பழம், கிவி, ஸ்ரோபரி, கொய்யா ஆகியவற்றிலுள்ள உயிர்ச்சத்து சி, குரக்கன், பருப்பு, கீரை ஆகியவற்றின் இரும்புச்சத்து சேர்வதற்குத் துணைபுரிகிறது. மரக்கறி உணவு மட்டுமே உண்ணும் குடும்பங்கள் இதனைச் சிறப்பாகக் கருத்திற் கொள்ளவும்.

உணவு வேளைகளுக்கு இடையில் பசித்தால் வெட்டிய பழமும் யோகட்டும் போதும். பிள்ளையின் உள்ளங்கையில் அடங்குவதே ஒரு வேளைக்குரிய அளவு. உலர்திராட்சை, பேரீச்சம்பழம் ஆகியன பற்களில் ஒட்டிக்கொள்வதால் அவற்றை இடையில் கொடுக்காது உணவோடு சேர்த்துக் கொடுக்கவும். விமானத்தில் வந்த மாம்பழமே வேண்டும் என்பதும் இல்லை: உறைந்த மாம்பழத் துண்டுகள் விலை குறைந்தவை, சத்திலும் குறைந்தவை அல்ல, உறைநிலை நீங்கியபின் சிறிதாக வெட்டிக் கொடுக்கவும். கோடையில் ஸ்ரோபரியும் ஓகஸ்ட், செப்ரெம்பர் மாதங்களில் இங்கேயே விளையும் பிளம்ஸும் மலிவாகக் கிடைக்கும். அரச ஆரம்பப் பாடசாலைகளில் 4 முதல் 6 வயது வரையான பிள்ளைகளுக்குப் பாடசாலை நாட்களில் ஒரு பழமோ மரக்கறியோ இலவசமாக வழங்கப்படுகிறது. அதனை உண்டு வருகிறார்களா என ஆசிரியரிடம் விசாரிக்கலாம்.

பழத்தின் விலை சுமையாக உள்ள குடும்பங்கள் ‘ஹெல்தி ஸ்டார்ட்’ திட்டத்தை அறிந்திருத்தல் அவசியம். 10 வாரங்களுக்கு மேற்பட்ட கர்ப்பிணிகளும் 4 வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ளோரும், யுனிவர்சல் கிரெடிற் போன்ற உதவிகளைக் குறைந்த வருமானத்துடன் பெறுவோராயின், விண்ணப்பிக்கலாம். வழங்கப்படும் அட்டையைக் கொண்டு பால், பருப்பு வகைகள், சீனி சேர்க்கப்படாத புதிய, உறைந்த அல்லது தகரத்திலடைத்த பழங்கள், மரக்கறிகள் ஆகியவற்றை வாங்கலாம். பிள்ளைகளுக்கான உயிர்ச்சத்துத் துளிகளும் இதன்கீழ் இலவசமாகக் கிடைக்கும். அவற்றில் உயிர்ச்சத்து டி அடங்கியிருப்பது இந்நாட்டின் குறைந்த வெயிலில் வாழும் கருநிறத் தோலுடைய நமக்கு முக்கியமானது. குடிவரவு நிலை காரணமாக அரச நிதியுதவி பெற இயலாதவராயினும், பிரித்தானியக் குடியுரிமையுள்ள 4 வயதுக்குட்பட்ட பிள்ளை உங்களுக்கு இருந்து, வருமானமும் குறைவாக இருப்பின், விண்ணப்பிக்கும் வாய்ப்பு உண்டு. தமக்கு உரித்தில்லை என்று தாமே தீர்மானித்து ஒதுங்கிவிட வேண்டாம்.

விண்ணப்பத்தை நிரப்புவதிலோ, பிள்ளையின் உணவு தொடர்பாகவோ ஐயம் இருப்பின் உங்கள் ஹெல்த் விசிட்டரிடம் கேட்கவும். 18 வயதுக்குட்பட்டோருக்குத் தேசிய சுகாதார சேவையின் பல் மருத்துவம் இலவசம். தமிழ் உரைபெயர்ப்பாளர் தேவையாயின், சந்திப்புக்கு நேரம் பதியும்போதே அதனைத் தெரிவிக்கவும்.